எங்கிருந்து 142?

2018 ஆகஸ்டில் எங்கள் இடுக்கி மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் இரண்டு எண்கள்தான் புழங்கின. இடுக்கி அணையில் 2,399 அடி. முல்லைப் பெரியாற்றில் 142 அடி. 9ஆம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு, செறுதோணி மதகைத் திறந்தார்கள். 15ஆம் தேதி முல்லைப் பெரியாறு 142ஐத் தொட்டது. ஏலத்தோட்ட வேலை முடிந்து ஆனைக்கரை கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “ஏன் சார், பெரியாத்துல 142 அடி நின்னதுக்கே இம்புட்டுப் பயப்படுறாக. இடுக்கியில 2,399 அடி நிக்குதாமே, அத எப்படித் தாங்கும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இடுக்கி வளைவணையின் மொத்த உயரமே ஏறத்தாழ 555 அடிதான். அங்கே 2,399 அடித் தண்ணீர் நிற்க வழியே இல்லை. அந்த எண் கடல்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டது. 142 என்பதோ பெரியாற்றின் படுகையிலிருந்து எண்ணப்பட்டது. ஒன்றின் சுழி கடலில் கிடக்கிறது, மற்றதன் சுழி காட்டுக்குள் ஒரு ஆற்றின் அடியில் கிடக்கிறது. உண்மையில் 142 அடியில் நிற்கும் தண்ணீர்தான் 2,399 அடியில் நிற்கும் தண்ணீரைவிட உயரமான இடத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றில் வழிவது வண்டிப்பெரியாறு, உப்புதறை எல்லாம் தாண்டி இடுக்கி நீர்த்தேக்கத்துக்குள்தான் வந்து இறங்குகிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் தினமும் வரும் அணைகளின் பட்டியலைப் பாருங்கள். மேட்டூருக்கு 120, வைகைக்கு 71, பெரியாற்றுக்கு 152 என்று முழுக் கொள்ளளவு மட்டம் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் அடியிலிருந்து எண்ணியது. ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் எந்தப் பொருளும் கிடைக்காது.

நான் நில அளவராக இந்த ஏலமலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கையில் சங்கிலி என்று ஓடியது என் காலம். அந்த வேலை எனக்குக் கொடுத்த பழக்கம் ஒன்றுண்டு. யார் எந்த அளவைச் சொன்னாலும், அது எங்கே தொடங்குகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பள்ளிக்கூடக் கணக்கில் இதற்கு ஆதிப்புள்ளி என்று பெயர். கிடைக்கோடும் நிலைக்கோடும் வெட்டிக்கொள்ளும் இடம், இரண்டு அளவும் சுழியாக இருக்கும் இடம். கரும்பலகையில் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நிலத்தில் வைக்கும்போது அது ஒரு வரலாறாகிவிடுகிறது. எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு புள்ளி இருக்கிறது. இரண்டு மாநிலங்கள் அதன்மேல்தான் வழக்காடிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அந்தப் புள்ளியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை எழுதப்பட்டது. திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்காரும் சென்னை அரசின் சார்பில் ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். 999 ஆண்டு, ஏக்கருக்கு வருடம் ஐந்து ரூபாய், சுமார் 8,000 ஏக்கர் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். அளவர் ஒருவர் அந்த ஆவணத்தைப் படித்தால் வேறொரு இடத்தில்தான் கண் நிற்கும். குத்தகை நிலத்தின் எல்லை எது என்று சொல்லும் இடம் அது. அணை கட்டப்போகும் இடத்தில் பெரியாற்றுப் படுகையின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஓடும் சமமட்டக் கோடுதான் நான்கு பக்கமும் எல்லை என்கிறது அந்த ஆவணம்.

இது எவ்வளவு துணிச்சலான எழுத்து என்பதை, பழைய பத்திரங்களைப் படித்தவர்கள் உணர்வார்கள். கிழக்கே ஓடை, மேற்கே யானைப்பாறை, வடக்கே இன்னார் காடு, தெற்கே ஒற்றைப் பலா என்றுதான் இந்த மலையில் எல்லை எழுதுவது வழக்கம். ஓடை திசை மாறும், பலா விழும், பாறைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும். 1886 ஆவணமோ மரத்தையும் பாறையையும் நம்பவில்லை. ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரு உயரம், அவ்வளவுதான். அந்த உயரத்தில் கோட்டை ஓட்டினால் அது ஒவ்வொரு பள்ளத்தாக்குக்குள்ளும் விரல் விரலாக நுழைந்து, ஒவ்வொரு குன்றையும் சுற்றி வந்து, 8,000 ஏக்கரைத் தானாக மூடிக்கொள்ளும். தேக்கடி ஏரியில் படகில் போகிறவர்கள் பார்க்கிற கரையின் அந்த முடிவில்லாத வளைவுகளை யாரும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே அளவராக வேலை செய்தது.

அந்தக் கோட்டுக்கு அடிப்படையான ஆழப் புள்ளி இப்போது எங்கே? அணை நிற்கும் இடத்தின் படுகை என்று எழுதியிருப்பதால், 1895இல் அணை கட்டி முடித்தபோதே அது கல்லுக்கும் சுர்க்கிக் காரைக்கும் அடியில் போய்விட்டது. இனி யாரும் அங்கே அளவுகோலை வைக்க முடியாது. அதன் உயரம் அணையின் அளவுப் பலகைகளுக்கு மாறி, அங்கேதான் உயிரோடு இருக்கிறது. 1979இல் மக்களின் அச்சத்தால் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தது, 2006இலும் 2014 மே 7ஆம் தேதியும் உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது, தமிழ்நாடு 152 அடியைக் கேட்பது ஆகிய மூன்று எண்களும் அந்தப் புதைந்த புள்ளியிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. நூல்களில் அணையின் உயரம் 176 அடி என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, “அப்போ இன்னும் 34 அடி மிச்சம் இருக்கே” என்று வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 176 என்பது அடித்தளத்தின் மிக ஆழமான இடத்திலிருந்து எடுத்த உயரம். அடித்தளம் படுகைக்கும் கீழே தோண்டி வைத்தது. இரண்டு சுழிகளிலிருந்து எடுத்த எண்களைக் கழித்தால் வருவது வெறும் குழப்பம்தான். உயிர்ப்பயமும் பாசனமும் கலந்த ஒரு விவகாரத்தில் இந்தக் குழப்பத்தை யாரும் விதைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனிச் சுழி இருந்தது. புலப்படத்தைக் கையில் எடுத்தால் தெரியும். நிலத்தின் ஒரு மூலைக் கல்லில் தொடங்கி இன்னொரு கல்லுக்கு ஒரு நேர்கோடு போட்டிருக்கும். ஜி லைன் என்போம். தொடக்கக் கல்லில் 0. அங்கிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டே போவோம். நிலத்தின் எல்லை வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் நேரெதிரே கோட்டில் நின்று, செங்கோணம் பார்த்து, பக்கவாட்டில் எவ்வளவு தூரம் என்று எடுப்போம். அது ஆஃப்செட். கோட்டின் வழியே இவ்வளவு, கோட்டிலிருந்து விலகி இவ்வளவு என்று ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு எண்கள் எழுதிவிட்டால் வயலின் உருவம் காகிதத்தில் வந்துவிடும். குன்ட்டர் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு செண்ட். பெருக்கிக் கூட்டத் தெரிந்தால் பரப்பு கையில் வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர் தெக்கார்த் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலும் ஏறத்தாழ இதைத்தான் செய்தது. ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு புள்ளியிலிருந்து நீளத்தை எண்ணி, வளைகோட்டின் இடத்தைச் சமன்பாடாக எழுதினார். இன்று நாம் பாடப்புத்தகத்தில் பார்க்கும் நான்கு கால்பகுதிகளும் எதிர் எண்களும் அவர் நூலில் அப்படியே இல்லை, பிற்காலத்தவர்கள் சேர்த்தவை. அவருக்கு அந்தந்தக் கணக்குக்குத் தோதான இடமே தொடக்கம். சங்கிலி பிடித்த எங்களுக்கும் அப்படித்தான். மேட்டில் நிற்கும் கல்லா, முள்ளில்லாத மூலையா, சங்கிலி தடையின்றி ஓடுமா என்று பார்த்துத்தான் சுழியை வைப்போம்.

மலைச்சரிவில் அது எளிதல்ல. சங்கிலியைச் சரிவில் கிடத்தக் கூடாது, மட்டமாகப் பிடிக்க வேண்டும். கீழே நிற்பவர் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார், தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்குவோம், பிறகு அடுத்த படி. இப்படிப் படிப்படியாக இறங்கி அளந்தால் சரிவின் நீளத்தைவிடக் கிடை நீளம் குறைவாகத்தான் வரும். செல்லார்கோவில் பக்கம் ஒரு பெரியவர், கால்நூற்றாண்டு ஏலம் போட்டவர், நான் சொன்ன செண்டைக் கேட்டுவிட்டு, “தம்பி, நான் காலால நடந்து பார்த்த எடம் இது. நீ காகிதத்துல சுருக்கிப்புட்ட” என்றார். அவரை உட்கார வைத்து, “ஐயா, மண்ணு உங்க கால்லதான் இருக்கு. நான் எழுதுறது மேலேர்ந்து பார்த்தா விழுற நிழலு. எல்லாருக்கும் அதே மாதிரிதான் எழுதுறோம், உங்க பக்கத்துத் தோட்டத்துக்கும் அப்படித்தான்” என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்: “அந்தத் தோட்டத்துக்கும் இதே கல்லுலேர்ந்துதான் தொடங்குனியா?” இல்லை. அந்தத் தோட்டத்துக்கு வேறு கல்.

தனித்தனிச் சுழியின் பலவீனம் அவர் கேள்வியில் அப்படியே இருந்தது. ஒரு நிலத்துக்குள் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு நிலங்களைச் சேர்த்து வைக்கும்போது நடுவில் ஒரு கீற்று மிஞ்சும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தக் கீற்றுக்காக வெட்டுக்குத்து வரை போன குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. பல நிலங்களுக்கும் பொதுவாக ஒரே தொடக்கம் வேண்டும் என்றால் அதைப் பல நிலங்களுக்கும் வெளியே, பெரிதாக, யாராவது நிறுவியாக வேண்டும்.

அதை இந்தியாவில் நிறுவிய வேலை சென்னையில் தொடங்கியது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் சொந்தமாக நடத்திய வான் ஆய்வகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்குவதற்கு ஒரு பெரிய கருங்கல் தூண் நட்டார்கள். தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அந்தத் தூண், இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. வியாழனின் துணைக்கோள்கள் மறைவதை இரவிரவாகப் பார்த்து நேரம் குறித்து, கிரீன்விச்சிலிருந்து சென்னை எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இந்திய வரைபடங்களின் கிழக்கு மேற்கு அளவுகள் அத்தனையும் அந்தக் கருங்கல்லிலிருந்துதான் கிளம்பின. ரயில் வந்த பிறகு நாடு முழுக்க ரயில்கள் ஓடியதும் சென்னை நேரத்தில்தான். வான் ஆய்வு 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. தெளிந்த நாளில் எங்கள் பக்கத்து மேட்டில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்பால் அந்த மலைத்தொடர் தெரியும்.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். அவருடைய எஃகுச் சங்கிலி நூறு அடி, இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. அதை மண்ணில் போடவில்லை. மரப்பெட்டிகளைத் தாங்கிகள்மேல் மட்டமாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயிலுக்குக் கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து, சூட்டில் சங்கிலி எவ்வளவு நீண்டது என்பதையும் கழித்தார்கள். சங்கிலி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சென்னையின் சித்திரை வெயிலில் அந்த ஏழரை மைலை அப்படி அளந்த கூலிகளின் பெயர்களும் வரலாற்றில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் கை நடுங்கியிருந்தால் இமயம்வரை எல்லாம் கோணியிருக்கும். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போனார் லாம்டன். ஒரு பக்கம் தெரிந்தால் கோணங்களை மட்டும் பார்த்து மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிடலாம், சங்கிலி தேவையில்லை. அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுகளிலும், குன்று இல்லாத இடத்தில் கோபுரங்களிலும் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. வட்டத் தகட்டின் வளைவுகளை லாம்டன் தாமே வாரக்கணக்கில் உட்கார்ந்து நிமிர்த்தினார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் சுமார் 360 மைல்தான், அதுவரை நம்பியதைவிட 40 மைல் குறைவு என்று தெரிந்தது அவர் முக்கோணங்களால்தான். 1823 ஜனவரியில் வேலை நடுவிலேயே, மத்திய இந்தியாவின் ஹிங்கன்காட்டில் அவர் இறந்தார்.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் எடுத்த முடிவு எங்கள் தொழிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. மத்தியப் பிரதேசத்துச் சிரோஞ்சுக்கு அருகே கல்யாண்பூர் என்ற குன்றை அவர் இந்திய அளவையின் ஆதிப்புள்ளியாக்கினார். வடக்கு அட்சம் 24 பாகை 7 நிமிடம் 11.26 விநாடி, கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 39 நிமிடம் 17.57 விநாடி. நாட்டின் நடுப்பகுதி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நுட்பமானது. பெரிய மலைகள் பக்கத்தில் இருந்தால் அவற்றின் ஈர்ப்பு தூக்குக்குண்டைக் கொஞ்சம் இழுத்துவிடும், செங்குத்து செங்குத்தாக இருக்காது. கல்யாண்பூர் மலைத்தொடர்களிலிருந்து விலகி இருந்தது. பூமியின் வடிவத்துக்கு 1830இல் அவர் கணித்த நீள்வட்டக் கோளத்தை அந்தக் குன்றில் பொருத்தினார்கள். அங்கே எல்லாம் சரியாக ஒட்டும்படி வைத்துவிட்டு, குமரிவரைக்கும் இமயம்வரைக்கும் மற்ற எல்லா இடங்களையும் அதிலிருந்து எண்ணினார்கள். ஆனைக்கரையின் இடமும் கல்யாண்பூரிலிருந்து எண்ணியதுதான்.

கல்யாண்பூரின் தீர்க்கமோ சென்னைக் கருங்கல்லிலிருந்து முக்கோணங்கள் வழியாகப் போனது. தந்தி வந்த பிறகு நேரத்தை உடனுக்குடன் ஒப்பிட முடிந்தபோது, சென்னைத் தீர்க்கத்தின் பழைய மதிப்பு, பாகைக் கணக்கில் இரண்டரை நிமிடத்தை ஒட்டிய அளவு கூடுதல் என்று தெரிந்தது. எங்கள் அட்சத்தில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். அதாவது கிரீன்விச்சைப் பொறுத்து இந்தியா முழுவதும் நாலரை கிலோமீட்டர் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது. ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் மாறவில்லை, யார் வயலும் சுருங்கவில்லை, எல்லாம் சேர்ந்தே தள்ளியிருந்தன. பழைய படங்களின் ஓரத்தில் இந்தத் திருத்தத்தைக் குறிப்பாக அச்சிட்டிருப்பார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை அந்த ஓரத்தை முதலில் படிக்கச் சொல்வேன். பொதுத் தொடக்கம் ஒன்று தவறினால் எல்லாம் ஒன்றாகத் தவறும், அதனால் உள்ளூர்ச் சண்டை வராது. தனித்தனித் தொடக்கங்கள் தவறினால் ஒவ்வொரு வேலியிலும் சண்டை வரும். பொதுச் சுழி எவ்வளவு பெரிய சமூக ஏற்பாடு என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

உயரத்துக்கும் இப்படி ஒரு பொது ஏற்பாடு வந்தது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயின்ட் ஆகிய ஒன்பது துறைமுகங்களில் அலை ஏறி இறங்குவதை ஆண்டுக்கணக்கில் பதிந்து, சராசரி எடுத்து, அதைச் சுழி என்று கொண்டார்கள். இடுக்கியின் 2,399 இந்த மரபைச் சேர்ந்தது. பெரியாற்றின் குத்தகை இந்தப் பொது மட்டம் நிலைபெறுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டதால், அது தன் சொந்தப் படுகையையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கடலில் கிடக்கும் சுழி இன்னொன்றும் உண்டு. தென்னிந்தியாவுக்கான பழைய கட்டப் படங்களில், வடக்கு அட்சம் 12, கிழக்குத் தீர்க்கம் 80 என்ற இடத்தை மையமாக வைத்தார்கள். புதுச்சேரிக்கு வடகிழக்கே, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், வங்கக் கடல் அது. மையத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் ஊர்களுக்கு எதிர் எண் வரும். எதிர் எண்ணைப் போர்க்களத்தில் ஒரு சிப்பாய் தவறாகப் படித்தால் பீரங்கிக் குண்டு வேறெங்கோ விழும். அதனால் சுழியை மேற்கே 30 லட்சம் கஜமும் தெற்கே 10 லட்சம் கஜமும் நகர்த்திவிட்டார்கள். எங்கள் ஏலமலையின் ஒவ்வொரு முகடும், சோமாலியாவுக்குக் கிழக்கே யாரும் போய்ப் பார்க்காத கடற்பரப்பில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கஜக்கணக்கில் எண்ணப்பட்டது. ராணுவத் தேவைக்காகச் செய்த அந்த ஏற்பாடு, கணக்கில் கழித்தல் குறியே வராமல் செய்து, எத்தனையோ எழுத்தர்களின் பிழைகளைத் தடுத்தது.

பொதுச் சுழியின் தேவை இந்த மண்ணில் இன்னும் பழையது. ஆனைக்கரை என்று கேரளத்தில் யாரிடமாவது சொன்னால் எந்த ஆனைக்கரை என்பார்கள். பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைப் பக்கம் இன்னொன்று இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் இருந்த அம்மு சுவாமிநாதன் பிறந்த ஊர். ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை அங்கே போனேன். அந்த ஆற்றங்கரையை நான் பார்க்க விரும்பியதற்குக் காரணம் வேறு. அங்கிருந்து மேற்கே, ஆறு கடலை நெருங்கும் பகுதியில்தான் 15ஆம் நூற்றாண்டில் வடசேரி பரமேஸ்வரன் என்ற வானியலாளர் ஆண்டுக்கணக்காகக் கிரகணங்களைப் பார்த்துப் பழைய கணக்குகளைத் திருத்தி 1431இல் திருக்கணிதம் என்ற நூலை எழுதினார். அவருக்கு அடுத்த தலைமுறைகளில் வந்த நீலகண்ட சோமயாஜி திருக்கண்டியூரில் இருந்துகொண்டு தந்திரசங்கிரகம் என்ற நூலை எழுதினார். அவர்களுக்கும் ஒரு ஆதிப்புள்ளி தேவைப்பட்டது. உஜ்ஜயினி வழியாக வடக்கே குருக்ஷேத்திரம் நோக்கிப் போகும் கோடும், தெற்கே நிலநடுக்கோட்டில் இலங்கை என்று அவர்கள் பெயரிட்ட இடமும் சேர்ந்து கிடைத்தது அது. நம் அண்டைத் தீவு அல்ல அந்த இலங்கை, கணக்குக்காக நிலநடுக்கோட்டில் வைத்த இடம். அங்கே ஆளோ மண்ணோ இல்லை, கடல்தான். அங்கே சூரியன் உதிப்பதையோ நள்ளிரவையோ தொடக்கமாக வைத்துக் கிரகங்களின் இடத்தைக் கணக்கிட்டு, பிறகு தன் ஊர் கிழக்கிலா மேற்கிலா எவ்வளவு தூரம் என்று பார்த்துத் திருத்துவார்கள். தேசாந்தரம் என்று அதற்குப் பெயர். பொதுச் சுழி ஒன்று, அதிலிருந்து உள்ளூர்த் திருத்தம் ஒன்று என்ற அந்த வேலைமுறையைத்தான் செயற்கைக்கோள்களை வைத்து அளக்கும் ரோவர் கருவியை நான் பிடித்தபோதும் செய்தேன்.

ஏனென்றால் இப்போது சுழி மறுபடியும் இடம் மாறிவிட்டது. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறைமையத்தைத்தான் சுற்றுகின்றன, ஆகவே அவற்றை வைத்து அளப்பவர்களுக்கு அந்த மையமே தொடக்கம். கல்யாண்பூரில் பொருத்திய எவரெஸ்ட் கோளத்தின் மையம் அந்த நிறைமையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகியது. அதனால் பழைய படத்தில் எழுதியுள்ள அட்சத்தையும் தீர்க்கத்தையும் அப்படியே கைபேசியில் இட்டால், எங்கள் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். ஒரு சின்ன ஏலத்தோட்டம் முழுவதையும் தாண்டிவிடும் தூரம் அது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான படங்கள் புதிய மையத்துக்கு மாறின. தரையில் விரிக்கும் கட்டத்துக்கு, ஆறு பாகைக்கு ஒரு பட்டையாகப் பூமியை வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் தனிச் சுழி வைக்கிறார்கள். இடுக்கியும் கம்பமும் 43ஆம் பட்டை. 78 பாகைக் கோட்டில் அது முடிந்து 44 தொடங்குகிறது, உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே. எங்கள் பட்டையின் நடுக்கோடு 75 பாகை, உஜ்ஜயினியின் கோட்டுக்கு ஒரு பாகைகூட இல்லாத தூரம். இப்படி அமைந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

2022 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் ‘என்டெ பூமி’ என்ற டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியபோது, எல்லையோரத்தில் இருக்கும் தேனி மாவட்ட விவசாயிகள் தங்கள் நிலம் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். இங்கேயும் பட்டா இல்லாமல் தலைமுறைகளாக ஏலம் போட்டு வருபவர்கள் அஞ்சுகிறார்கள். ஏலமலைக் காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று நீதிமன்றம்வரை போன ஊர் இது. இங்கே அளவு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குவது இயல்பு. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கருவி சென்டிமீட்டர் துல்லியம் காட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பழைய கல்லை எடுத்துக்கொண்டு, அதற்குப் புதிய கட்டத்தில் என்ன இடம் கொடுத்தார்கள் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பழைய புலப்படம் தன் மூலைக் கல்லிலிருந்து எண்ணியது. புதிய படம் பூமியின் மையத்திலிருந்து எண்ணுகிறது. இரண்டையும் கட்டிவைக்கும் முடிச்சு, தரையில் இன்னும் அசையாமல் நிற்கும் பழைய கல். அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் முப்பது வருடம் கழித்து எந்த நீதிமன்றமும் பழைய பத்திரத்தைப் புதிய படத்தோடு ஒப்பிட முடியாது.

அதனால் அளக்க வருபவர்களிடம் நான் எல்லோரையும் கேட்கச் சொல்வது இவைதான். என் பழைய படத்தின் சுழிக் கல் கிடைத்ததா, கிடைத்தால் அதன் புதிய கிழக்கு, வடக்கு எண்கள் என்ன, அவை எந்தக் கோளத்தில் எந்தப் பட்டையில் எழுதியவை, கல் கிடைக்காவிட்டால் எதை வைத்து அந்த இடத்தைத் தீர்மானித்தீர்கள். எல்லைக் கிராமமாக இருந்தால் மறுபக்க மாநிலத்தின் படத்திலும், எல்லைகள் கூடும் அதே முச்சந்திக் கல்லுக்கு அதே எண்தான் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அளவர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் விவரங்கள்தான் இவை, படத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.